பிள்ளை பேசும் என்று காத்திராமல், பிள்ளையோடு பேசுவோம்

(மக்தப் பெற்றோர் கூட்டத்தில் நமது டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)





மருத்துவ உதவி, கல்வி உதவி கேட்டு நமது டிரஸ்ட்டுக்கு வரும் மனுக்களை மாதந்தோறும் உட்கார்ந்து பார்க்கிறோம். அதில் ஒரு வகை மனு அடிக்கடி கண்ணில் படுகிறது. "பிள்ளைக்கு மூன்று வயது முடிந்துவிட்டது, இன்னும் பேச்சு வரவில்லை." "நாலு வயதாகிறது, அம்மா, அத்தா என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை." "ஆறு வயதாகிறது, இப்போதுதான் காது கேட்கவில்லை என்று சொல்கிறார்கள்." குடும்பம் வேறு, காரணம் வேறு. ஆனால் பேசிப் பார்த்தால் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள்: "தானாகப் பேசிவிடுவான் என்று காத்திருந்தோம்."

வீடு பழுதுபார்க்க உதவி கேட்டால் இரண்டு மாதம் தள்ளிக் கொடுத்தாலும் வீடு அங்கேயே இருக்கும். பிள்ளையின் பேச்சு அப்படியல்ல. மொழியை வாங்கிக்கொள்ள மூளை மிகத் தயாராக இருக்கும் காலம் முதல் சில வருடங்கள்தான். அதில் போன மாதங்களைப் பின்னால் பணம் கொடுத்து வாங்க முடியாது. ஆகவே இன்று இரண்டு விஷயங்களை மட்டும் சொல்ல வந்திருக்கிறோம். ஒன்று, பிள்ளையோடு பேசுங்கள். இரண்டு, பேச்சு தாமதமானால் காத்திருக்காமல் முதலில் காதைப் பாருங்கள்.

பேச்சு காதில் தொடங்குகிறது

நம் வீட்டில் பிள்ளை பிறந்தால் அதன் காதில் பாங்கு சொல்கிறோம். இதன் மார்க்க விளக்கத்தை ஹஜ்ரத்மார்கள் சொல்வார்கள். நாம் கவனிக்க வேண்டியது, பச்சிளம் பிள்ளையின் காதை நாம் மதித்துப் பேசுகிறோம் என்பதைத்தான். அந்த மதிப்பை ஒரு நாளோடு நிறுத்திவிடக் கூடாது.

தாயின் வயிற்றில் ஆறு, ஏழு மாதத்திலேயே குழந்தைக்கு ஓசை கேட்கத் தொடங்குகிறது. பிறந்த சில நாட்களிலேயே தாயின் குரலை மற்றப் பெண்களின் குரலிலிருந்து பிரித்து அறிகிறது. முதல் வார்த்தை ஒரு வயதை ஒட்டித்தான் வாயில் வருகிறது. ஆனால் அதற்கு முன் ஒரு வருடம் முழுக்க அந்தக் குழந்தை கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருக்கிறது. "அதுக்கு என்ன புரியும்?" என்று நாம் பேசாமல் இருந்தால், சேர்த்து வைக்க அதற்கு ஒன்றும் இருக்காது.

கேட்பது மட்டும் போதாது, பதில் வேண்டும். மூன்று மாதப் பிள்ளை "ங்கா" என்கிறது. தாய், "அப்படியா தங்கம், அத்தாவைத் தேடுறியா?" என்று கேட்டுவிட்டு முகத்தைப் பார்க்கிறாள். பிள்ளை மறுபடியும் "ங்கா" என்கிறது. இதுதான் அந்தப் பிள்ளையின் முதல் உரையாடல். நான் சொன்னால் இவர்கள் பதில் சொல்வார்கள் என்பதை அது கற்றுக்கொள்கிறது. பேச்சின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்ரிசியா குல் என்ற அறிஞர் தம் குழுவினரோடு 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆங்கிலம் பேசும் வீட்டு ஒன்பது மாதக் குழந்தைகளிடம் சீன மொழி பேசும் பெரியவர்கள் 12 முறை நேரில் உட்கார்ந்து விளையாடி, கதை படித்துக் காட்டினார்கள். இன்னொரு பிரிவுக் குழந்தைகளுக்கு அதே பெரியவர்களை வீடியோவில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஓசைகளைப் பிரித்து அறிந்தன. வீடியோ பார்த்த குழந்தைகளோ சீன மொழியே கேட்காத குழந்தைகளைப் போலத்தான் இருந்தன. பேசியவர் அவரே, பேச்சும் அதே மொழிதான். ஆனால் வீடியோ அந்தக் குழந்தையைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை.

போனும் சோற்றுத் தட்டும்

போனைக் கையில் கொடுத்தால்தான் பிள்ளை சோறு உண்கிறது என்று பல தாய்மார்கள் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வது நமது நோக்கமல்ல. கணவர் சபுரில் இருக்கிறார், மாமியாருக்கு உடம்பு சரியில்லை, வீட்டு வேலை மொத்தமும் ஒருத்தி தலையில். அந்த நேரத்தில் போன்தான் பிள்ளையைப் பிடித்து வைக்கிறது. ஆனால் அது எதை எடுத்துக்கொள்கிறது என்பதைப் பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு, மூன்று முறை தாயும் பிள்ளையும் முகம் பார்த்துப் பேசும் நேரம். அந்த நேரம்தான் போகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் திரை பார்க்கும் நேரம் வேண்டாம். இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் சங்கமான இந்திய குழந்தைகள் நல மருத்துவக் கழகமும் இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம் என்றே சொல்கிறது. ஆனால் அதில் ஒரு விலக்கு உண்டு: உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ கால்.

இந்த விலக்கு நம் ஊருக்காகவே வைத்தது போல இருக்கிறது. துபாயிலும் தம்மாமிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் அத்தாமார்களுக்குச் சொல்லுங்கள். போனில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கியா? சாப்பிட்டியா? அம்மாகிட்ட கொடு" என்று முடித்துவிட வேண்டாம். தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உடன் இருக்கட்டும். அத்தா ஒரு தேநீர்க் கோப்பையைக் காட்டி, "அத்தா டீ குடிக்கிறேன், சூடா இருக்கு, ஊதுறேன் பார்" என்று ஊதிக் காட்டட்டும். பிள்ளை தன் டம்ளரைக் கொண்டுவந்து காட்டும். முகத்தை மறைத்துக் காட்டி விளையாடலாம். ஒரே படக் கதைப் புத்தகத்தை இங்கே ஒன்றும் அங்கே ஒன்றுமாக வைத்துக்கொண்டு சேர்ந்து பார்க்கலாம். தினம் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் இப்படிப் பேசினால் போதும், பிள்ளைக்கு அத்தாவின் குரலும் வார்த்தையும் சொந்தமாகிவிடும்.

எப்படிப் பேசுவது?

இதற்குத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. செய்கிற வேலையைச் சொல்லுங்கள். "வெங்காயம் உரிக்கிறேன். கண்ணு எரியுது. இந்தா, இந்தத் தோலைக் கூடையில போடு." இதில் பெயர், வினை, கட்டளை எல்லாம் வந்துவிட்டன.

பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் அதை இரண்டு மூன்றாக்கித் திருப்பிக் கொடுங்கள். அது "தண்ணி" என்றால், "தண்ணி வேணுமா? பானைத் தண்ணி வேணுமா, சுடுதண்ணி வேணுமா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பெரியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் அவசரப்படுகிறோம். பதில் சொல்லப் பிள்ளைக்கு நம்மைவிட அதிக நேரம் வேண்டும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

தப்பாகச் சொன்னால் சிரிக்கவோ திருத்தித் திருத்திச் சொல்ல வைக்கவோ வேண்டாம். "வாயப்பயம்" என்றால், "ஆமா, வாழைப்பழம், மஞ்சள் வாழைப்பழம்" என்று சரியான வார்த்தையை நீங்கள் சொன்னால் போதும். ழ, ள, ற போன்ற ஓசைகள் பிந்தித்தான் நாக்குக்குப் படியும். விருந்தாளி முன்னால் நிறுத்தி, "இது என்ன சொல்லு, அது என்ன சொல்லு" என்று பரீட்சை வைப்பதும் வேண்டாம். கேள்விக்குப் பயந்த பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

எந்த மொழியில் பேசுவது என்று கேட்கிறார்கள். நர்சரியில் ஆங்கிலம் என்பதற்காகத் தமக்குச் சரியாக வராத ஆங்கிலத்தில் தாயும் பேசத் தொடங்கினால், பிள்ளைக்குக் கிடைப்பது நாலைந்து கட்டளைகள் மட்டும்தான். உங்களுக்குச் சரளமாக வருகிற மொழியில், கோபிக்கவும் கொஞ்சவும் கதை சொல்லவும் முடிகிற மொழியில் பேசுங்கள். தமிழ் வீட்டில் தமிழ், உருது வீட்டில் உருது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை.

எழுத்துக்கு முன்னே கதை

நம் ஊர்களில் ஒரு காலத்தில் கிஸ்ஸாக்களையும் மாலைகளையும் ஒருவர் உரக்கப் படிக்க, பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அரபுத் தமிழ் நூல்களின் வழியாகவே வாசிக்கப் பழகிய பெண்கள் முன் தலைமுறைகளில் பலர். அந்தச் சபையில் மடியில் கிடந்த பிள்ளைக்குப் புத்தகம் என்றால் என்ன, கதை என்றால் என்ன என்பது எழுத்துத் தெரிவதற்கு முன்பே தெரிந்திருந்தது. இப்போது அந்தச் சபை இல்லை. ஆனால் மடி இருக்கிறது.

தமிழ் எழுத்து 247. அதை மூன்று வயதிலேயே எழுத வைத்துவிட வேண்டும் என்று சில பெற்றோர்கள் துடிக்கிறார்கள். அந்த வயதில் பென்சிலைவிடக் காதுக்குத்தான் பயிற்சி தேவை. "'மா'வில் தொடங்குகிற சாமான் எல்லாம் சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். மாவு, மாங்காய், மாடு என்று வரும். வார்த்தைக்குள் ஓசைகள் ஒளிந்திருப்பதைப் பிள்ளை இப்படித்தான் கண்டுபிடிக்கிறது. பின்னால் எழுத்துக் கூட்டும்போது அது கைகொடுக்கும்.

மதரஸாவில் ஓதி, கல்லூரியிலும் படித்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறோம். நம் பிள்ளைகள் காயிதா ஓதி, அரபு எழுத்தைக் கூட்டி அழகாகச் சொல்லப் பழகுகிறார்கள். அது இபாதத், அதன் கண்ணியம் தனி. ஆனால் தமிழ்ப் பாடத்தையும் அதே போலக் கூட்டிச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் அது படிப்பாகாது. ஒரு பிள்ளை "அறுவடை" என்று பிழையில்லாமல் வாசித்துவிடலாம். அந்தச் சொல்லை வீட்டிலோ வயலிலோ கேட்டிருந்தால்தான் பொருள் மனதில் விழும். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பின், மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காகவே தமிழக அரசு 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்க வேண்டி வந்ததை நினைத்துப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு கதை போதும். அதே புத்தகத்தைப் பிள்ளை இருபது முறை கேட்டால் இருபது முறையும் படியுங்கள். வரிக்குக் கீழே விரலை ஓட்டுங்கள். "அப்புறம் என்ன ஆகும்?" என்று நிறுத்திக் கேளுங்கள். எழுத்துத் தெரியாத நன்னிமார்கள் படத்தைப் பார்த்தே கதை சொல்லலாம், அதுவும் வாசிப்புதான். புத்தகம் இல்லாத வீட்டிலும் காலண்டர் இருக்கிறது, மசாலா பாக்கெட் இருக்கிறது, பஸ் போர்டு இருக்கிறது.

எப்போது கவலைப்பட வேண்டும்?

பிள்ளைக்குப் பிள்ளை முன்பின் இருக்கும். ஆனாலும் சில எல்லைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் ஓசை வரும் பக்கம் திரும்ப வேண்டும். பத்து மாதத்துக்குள் "பாபா", "தாதா" என்று அடுக்கிச் சொல்ல வேண்டும், பெயர் சொன்னால் பார்க்க வேண்டும். ஒன்றேகால் வயதை ஒட்டி ஓரிரு வார்த்தை வர வேண்டும். வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட வேண்டும். இரண்டு வயதில் "பால் தா" என்று இரண்டு வார்த்தை சேர வேண்டும். மூன்று வயதில் பிள்ளை பேசுவது பெரும்பாலும் வெளியாருக்கும் விளங்க வேண்டும். எந்த வயதிலும், வந்த வார்த்தை மறைந்து போனால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

இந்த இடத்தில் நம்மைத் தடுக்கும் பேச்சுகள் சில உண்டு. "அவன் அத்தாவும் நாலு வயதில்தான் பேசினார்" என்பார்கள். பேசியிருக்கலாம். பேசாமலே போனவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. "நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் சரியாகும்" என்பார்கள். நாக்கு ஒட்டியிருந்தால் சில ஓசைகள் தெளிவில்லாமல் போகலாம், பேச்சே வராமல் போகாது. "கதவைத் தட்டினால் திரும்புகிறானே, காது கேட்கிறது" என்பார்கள். பெரிய சத்தமும் அதிர்வும் தெரிந்து, பேச்சின் மெல்லிய ஓசைகள் கேட்காத பிள்ளைகள் உண்டு. அடிக்கடி சளி பிடித்து, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்தும் கேள்வி மங்கலாம். காதில் எண்ணெய் ஊற்றுவது இதற்கு வைத்தியமல்ல.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் திருமணம் செய்யும் குடும்பங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை வரும் வாய்ப்பு கூடுகிறது. மார்க்கம் அனுமதித்த திருமணத்தை நாம் குறை சொல்லவில்லை. அப்படிப்பட்ட குடும்பத்தில், அதிலும் ஏற்கனவே ஒரு பிள்ளைக்கோ உறவினருக்கோ காது கேட்காமல் இருந்தால், அடுத்த பிள்ளையைப் பிறந்த வாரத்திலேயே சோதிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

காது நன்றாகக் கேட்டும் பேசாத பிள்ளைகளும் உண்டு. ஆட்டிசமாக இருக்கலாம், வேறு வளர்ச்சித் தாமதமாக இருக்கலாம். அது தாயின் குற்றமல்ல. அந்தப் பிள்ளைகளுக்கும் சீக்கிரம் தொடங்கும் பயிற்சிதான் உதவி.

எங்கே போவது?

பச்சிளம் பிள்ளைக்கு ஓ.ஏ.இ. என்று ஒரு சோதனை உண்டு. தூங்கும் பிள்ளையின் காதில் சிறிய கருவியை வைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள், வலி கிடையாது. அதில் சந்தேகம் வந்தால் பெரா என்ற அடுத்த சோதனை. மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிதானது: ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. பிரசவம் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும்போதே, "காது டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேளுங்கள்.

2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டத்தில், மருத்துவக் குழு ஆண்டுக்கு இரு முறை அங்கன்வாடிக்கும் ஒரு முறை அரசுப் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அவர்கள் வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். அங்கிருந்து மாவட்டத்திலுள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். காது மெஷின் வைத்தும் போதாத பிள்ளைகளுக்கு, ஆறு வயதுக்குள் வந்தால், காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசம். ஆறு வயது என்பது கடைசி எல்லை, நல்ல வயது அல்ல. ஒன்று, இரண்டு வயதில் செய்த பிள்ளைக்கும் ஐந்தில் செய்த பிள்ளைக்கும் பேச்சில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

அறுவை சிகிச்சையோடு வேலை முடிவதில்லை. மெஷின் ஓசையைத்தான் கொடுக்கும், அதை வார்த்தையாக அறியப் பிள்ளைக்குப் பல மாதப் பயிற்சி வேண்டும். வாரம் இரண்டு முறை பஸ் ஏறிப் போக வேண்டும், மற்றப் பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், பேட்டரி வாங்க வேண்டும். இந்தச் சிரமத்தில் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இன்னும் சில வீடுகளில், பெண் பிள்ளை என்றால், விருந்தாளி வரும்போது மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். நாளை மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக் கூடாதாம். கண்ணாடி போட்ட பெண்ணை யாரும் மறைப்பதில்லை. மெஷின் காதில் இருக்கும் நேரமெல்லாம் அவள் கேட்கிறாள், கற்கிறாள். பெட்டியில் இருக்கும் நேரம் அவளுக்கு நஷ்டம். அவளுடைய மானத்தைக் காப்பது அவளுடைய பேச்சும் படிப்பும்தான்.

மெஷினும் அறுவை சிகிச்சையும் பலன் தராத பிள்ளைகளுக்குச் சைகை மொழி இருக்கிறது. அதுவும் முழுமையான மொழி. வீட்டார் எல்லோரும் அதைக் கற்றுக்கொண்டால் அந்தப் பிள்ளை நம்மிடையே தனித்து நிற்காது.

மக்தபுக்கும் ஜமாஅத்துக்கும் ஒரு வேண்டுகோள்

ஹஜ்ரத்மார்களே, பிள்ளையின் வாயில் ஓர் எழுத்து எங்கிருந்து பிறக்கிறது என்பதை மக்ரஜ் வழியாக நுணுக்கமாக அறிந்தவர்கள் நீங்கள். இந்த ஊரில் ஒவ்வொரு பிள்ளையின் உச்சரிப்பையும் தினம் தினம் தனித்தனியாகக் கேட்கிறவர்களும் நீங்கள்தான். ஸீனும் ஷீனும் பிரித்துச் சொல்ல ஒரு பிள்ளைக்கு மாதக்கணக்கில் வரவில்லை என்றால், கவனமின்மை என்று அதட்டுவதற்கு முன் காதை நினையுங்கள். மென்மையான இந்த ஓசைகள்தான் கேள்விக் குறைவில் முதலில் மறைகின்றன. முதுகுப் பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தே எல்லாம் செய்யும் பிள்ளை, இவர்களின் பெயரைப் பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள், நமது அலுவலகத்துக்கும் தெரியப்படுத்துங்கள்.

நமது டிரஸ்ட் நிர்வாகக் குழுவில் எடுத்த முடிவுகளையும் அறிவிக்கிறோம். காது, பேச்சு சம்பந்தமான மனுவை மாதக் கூட்டம் வரை வைக்காமல் வந்த வாரத்திலேயே பார்ப்போம். சோதனைக்கும் பயிற்சிக்கும் போய்வர பஸ் செலவும், துணைக்கு ஆள் இல்லாத தாய்க்கு ஒரு சகோதரியின் துணையும் ஏற்பாடு செய்வோம். காப்பீட்டுக்கான வருமானச் சான்று வாங்க உதவுவோம். மக்தபில் ஓர் அலமாரி நிறையத் தமிழ்ப் படக் கதைப் புத்தகங்கள் வைக்கிறோம். வாரம் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கிழிந்தால் அபராதம் கிடையாது. பிள்ளை கையில் புழங்கிய புத்தகம் கிழியத்தான் செய்யும். வசதி படைத்தவர்கள் தங்கள் ஸதகாவில் இந்தப் பேட்டரியையும் பஸ் டிக்கெட்டையும் புத்தகத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது போனை அடுத்த அறையில் வையுங்கள். அழும், அழட்டும். நாலு நாளில் பழகிவிடும். பிள்ளைக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். மனதில் சந்தேகம் தட்டினால் நாளைக் காலையிலேயே அலுவலகத்துக்கு வாருங்கள். பரிசோதித்து ஒன்றுமில்லை என்று வந்தால் அல்ஹம்துலில்லாஹ், ஒரு நாள் அலைச்சலோடு போயிற்று.

நம் பிள்ளைகள் நன்றாகக் கேட்டு, தெளிவாகப் பேசி, விளங்கிப் படிக்கும் பிள்ளைகளாக வளர அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.